மாப்பிள்ளை, கண்ணு மஞ்சளா இருக்கே?

பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் பற்றி இந்த மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். ஒரு வருடமாக எங்கள் குடும்பம் எதற்குள் இருந்து வருகிறது என்பதை எழுதுகிறேன். அக்காவிடமும் அத்தானிடமும் கேட்டேன். "எழுது, ஆனா என்னை ரொம்ப நல்லவனா ஆக்கிடாத" என்றார் அத்தான்.

ஆரம்பம் வெறும் அரிப்புதான். போன வருடம் அக்டோபர் கடைசி. அத்தானுக்கு 58 வயது. ராத்திரி படுத்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். தடிப்பு இல்லை, சொறி இல்லை. இங்கிலாந்தில் ஹீட்டர் போட ஆரம்பிக்கிற நேரம், தோல் வறண்டிருக்கும் என்று அக்கா தேங்காய் எண்ணெய் தடவினாள். ஜிபியும் அதையே நினைத்து ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் சிறுநீர் பால் விடாத டீ மாதிரி போக ஆரம்பித்தது. "தண்ணியே குடிக்கிறதில்ல நீங்க" என்று அக்கா சண்டை போட்டாள்.

கண்டுபிடித்தது பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வழக்கமான பேச்சு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அம்மா, "மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணு மஞ்சளா இருக்கே?" என்றாள். தினமும் பக்கத்திலேயே இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை நம் வீடுகளில் எல்லோரும் ஊகித்துவிடுவீர்கள். கீழாநெல்லி. பத்தியம். எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது, மோர் சாதம் போதும். மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடையில் கீழாநெல்லிப் பொடி கிடைத்தது. பத்து நாள் மோரில் கலந்து கொடுத்தாள் அக்கா. அந்தப் பத்து நாளை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அதனால் எதுவும் பெரிதாக மாறியிருக்காது என்று கன்சல்டன்ட் அவளிடமே சொல்லிவிட்டார். இருந்தாலும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கீழாநெல்லிக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் அதிகம் வருவது வைரஸால் வரும் காமாலை. அதில் ஹெபடைட்டிஸ் ஏ மாதிரியானவை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்த நேரத்தில் என்ன குடித்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். ஆனால் காமாலை என்பது ஒரே நோய் அல்ல. உள்ளே எங்கோ ஏதோ கோளாறு என்று காட்டுகிற அடையாளம். அத்தானுக்கு இருந்தது குழாய் அடைப்பு. அடைத்த குழாயை எந்தப் பொடியும் திறக்காது.

அடைப்புக்கு ஒரு துப்பு இருந்தது. அத்தான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மலம் வெளுத்துக் களிமண் மாதிரி போயிருக்கிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் கொடுப்பது பித்தநீரில் இருந்து வருகிற நிறமி. அது குடலுக்கு வரவில்லை என்றால் மலம் வெளுக்கும். வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரைக் கறுப்பாக்கும், தோலை அரிக்க வைக்கும். வலி இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த நாலும், அதாவது மஞ்சள் கண், கறுத்த சிறுநீர், வெளுத்த மலம், அரிப்பு, சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஜிபிக்குப் போன் போடுங்கள். இங்கிலாந்தில் 40 வயதுக்கு மேல் காமாலை வந்தால் புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்ப வேண்டும் என்று டாக்டர்களுக்கே வழிகாட்டுதல் இருக்கிறது. மலத்தின் நிறத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நமக்குப் பித்தம் என்றால் தலைசுற்றல், வாய்க்கசப்பு, இளநரை, கோபம் எல்லாம்தான். உண்மையான பித்தநீர் கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கிற ஒரு திரவம். கொழுப்பைச் செரிக்க வேண்டியது. கல்லீரலுக்குள் சின்னச் சின்னக் குழாய்களாகத் தொடங்கி, கிளைகள் சேர்ந்து சேர்ந்து, கல்லீரல் வாசலில் இரண்டு பெரிய கிளைகளாகி, ஒரே தண்டாக இறங்கிச் சிறுகுடலின் ஆரம்பத்தில் போய்ச் சேரும். மரம் மாதிரி. பித்தப்பை அந்தத் தண்டில் தொங்குகிற ஒரு பை. இந்தக் குழாய்களின் உட்சுவரில் வருகிற புற்றுநோய்தான் இது. கோலாஞ்சியோகார்சினோமா. அக்கா இந்தப் பெயரைக் காலண்டரின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்துப் பழகினாள்.

கிளைகளில் வந்தால் ஒரு விதம், தண்டின் அடியில் வந்தால் இன்னொரு விதம். இரண்டு கிளை சேருகிற கவையில் வருவதுதான் அதிகம். 1965-ல் அதைப் பற்றி விரிவாக எழுதிய கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க டாக்டரின் பெயரில் அழைக்கிறார்கள். அத்தானுக்கு அதுதான். எந்த இடம் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன், மருந்து, அடைப்பு எடுக்கிற விதம் எல்லாமே இடத்தைப் பொறுத்து மாறுகின்றன. கல்லீரலுக்குள் கிளையில் வருவது காமாலையே காட்டாமல் வளரக்கூடியது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது பலருக்குத் தெரிய வருகிறது.

கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. வாய் வழியாகக் கேமரா விட்டு, அடைப்புக்குள் ஒரு சின்னக் குழாயை, அதுதான் ஸ்டென்ட், வைத்தார்கள். அதே நேரத்தில் உள்ளே பிரஷ் போட்டுச் செல்கள் எடுத்தார்கள். செல்கள் போதவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. இந்த நோயில் இது அடிக்கடி நடக்கிறதாம். திரும்பவும் எடுக்க வேண்டி வந்தது. ரத்தத்தில் சிஏ 19-9 என்று ஒன்று பார்க்கிறார்கள். காமாலை இருந்தாலே அது ஏறும், சிலருக்கு உடம்பு வாகிலேயே அது சுரக்காது. அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து அழவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்ததும் பத்து நாளில் அரிப்பு நின்றது. அந்த ராத்திரி அத்தான் எட்டு மணி நேரம் தூங்கினார். அக்கா எனக்குப் போன் போட்டுச் சொன்னாள், குழந்தை பிறந்த மாதிரி.

இனி வெட்கமான பகுதி. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் "பித்தப்பையில கல்லு" என்றாள். கோயிலில் கேட்டவர்களிடமும் அதையே. காரணம் கேட்டேன். "கல்லீரல்ல புத்துன்னு சொன்னா, குடின்னுதான் நினைப்பாங்க, தெரியாதா உனக்கு?" என்றாள். தெரியும். அத்தான் வாழ்நாளில் ஒரு பீர் தொட்டவரில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் "பழக்கம் ஏதும் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டதை நானே காதால் கேட்டேன்.

அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் சுருக்கம், ஹெபடைட்டிஸ் பி, சி, பித்தநாளத்துக்குள்ளேயே சேருகிற கற்கள், பித்தநாளங்கள் தழும்பாகிச் சுருங்குகிற ஒரு நோய், இவையெல்லாம் இந்தப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டும். வடகிழக்குத் தாய்லாந்தில் இது அதிகம். அங்கே ஆற்று மீனைச் சமைக்காமல் சாப்பிடுவதால் கல்லீரலுக்குள் போகிற ஒரு தட்டைப் புழுதான் காரணம். இவை எதுவும் இல்லாமலேயே பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. ஏன் வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடிவதில்லை. வால்டர் பேட்டன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், அந்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வீரர்களில் ஒருவர், 1999-ல் இந்த நோயில்தான் இறந்தார். ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு வந்த தண்டனை அல்ல இது.

மறைத்ததால் என்ன ஆனது என்றால், யாரும் உதவவில்லை. எப்படி உதவுவார்கள்? பித்தப்பைக் கல்லுக்கு யார் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்கள்? அக்கா வேலைக்கும் போய், ஆஸ்பத்திரிக்கும் போய், ராத்திரி பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அத்தானுக்கு அது கேட்டிருக்கிறது. கேட்காத மாதிரி இருந்திருக்கிறார். ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று இன்னொருவர், இரண்டு பேரும் ஒரே கட்டிலில்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு ராத்திரி அத்தானுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. பல் அடித்துக்கொள்கிற அளவுக்கு. காய்ச்சல் 38.9. அக்கா பாரசிட்டமால் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் போன் செய்யலாம் என்று இருந்தாள். மகன்தான் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போட்டான். "இப்பவே ஏ அண்ட் இ-க்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஸ்டென்ட் அடைத்து, தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்திருந்தது. சில மணி நேரத்தில் ரத்தத்துக்குள் பரவக்கூடியது அது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறக்குறைய மூன்று மாதத்தில் மாற்ற வேண்டியது, அதற்கு முன்பும் அடைக்கலாம். வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

அந்த வார்டில்தான் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "அவரை நீங்க பார்த்துக்கறீங்க. உங்களை யார் பார்த்துக்கறாங்க?" அக்காவிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கே முழுதாகச் சொன்னாள். நான் இருப்பது முக்கால் மணி நேரத் தூரத்தில்.

சிகிச்சைக்கு வருகிறேன். கட்டி ரத்தக் குழாயைச் சுற்றியிருந்ததால் ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். ஆபரேஷன்தான் முழுதாகக் குணமாக்கக்கூடியது, அதற்குத் தகுதியாகிறவர்கள் குறைவு. ஆகவே "முடியாது" என்ற முடிவைக் கல்லீரல்-கணைய அறுவையே தொழிலாக இருக்கிற பெரிய மையம் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னதா என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நமக்கு ஒரு பயம். எங்களுக்குக் கோபித்துக்கொள்ளவில்லை, அனுப்பியே பார்த்திருந்தார்கள்.

கீமோ: ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, அதில் இரண்டு நாள் மருந்து, மொத்தம் எட்டுச் சுற்று. கூடவே டுர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி. இங்கிலாந்தில் 2024 ஜனவரியில் என்எச்எஸ் மூலம் கொடுக்க அனுமதி வந்தது.

மகன் ஒரு ராத்திரி இணையத்தில் தேடி, 11.7 மாதம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த எண் 2010-ல் வெளியான, பிரிட்டனில் 410 பேரை வைத்து நடந்த ஆய்விலிருந்து வருகிறது. ஒரு மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 8.1, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 11.7. இது காலாவதித் தேதி இல்லை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிற ஆள் அது. பாதிப் பேர் அதற்குப் பிறகும் இருந்தார்கள். டுர்வலுமாப் சேர்த்த பிறகு நடந்த ஆய்வில், இரண்டு வருடம் முடிந்தபோது 100-க்கு 25 பேர் அளவில் உயிரோடு இருந்தார்கள். சேர்க்காத குழுவில் 10 பேர் அளவில். இனிக்கிற எண்கள் இல்லை, தெரியும். ஆனால் பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பையன் தனியாக விழித்திருக்கக் கூடாது.

இன்னொன்று கேளுங்கள்: கட்டியின் மரபணுச் சோதனை செய்தார்களா என்று. எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 என்ற மாற்றங்கள் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரலுக்குள் வருகிற வகையில்தான் இவை அதிகம். அத்தானுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கேட்டோம், இல்லை என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து மஞ்சள் காப்ஸ்யூல், சீந்தில் பொடி எல்லாம் வர ஆரம்பித்தன. அன்புதான். குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் செறிவாக்கிய மஞ்சள் மாத்திரைகளாலும் சீந்திலாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல் இது. அக்கா எல்லாப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பாதிக்கு மேல் வேண்டாம் என்றார். ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாப்பாட்டோடு கொடுக்கிற என்சைம் காப்ஸ்யூல் பன்றியின் கணையத்திலிருந்து வருவது. சைவர்களும் முஸ்லிம்களும் அதை ரகசியமாகக் குப்பையில் போடுவதாகக் கேள்வி. போடாதீர்கள், மனதில் உறுத்தினால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

துணை கிடைத்தது ஒரே தடவையில் இல்லை. முதலில் அக்கா பக்கத்து ஊரில் நடக்கிற புற்றுநோய்க் குடும்பங்களின் கூட்டத்துக்குப் போனாள். நல்ல மனிதர்கள். ஆனால் வந்திருந்தவர்களில் முக்கால்வாசி சிகிச்சை முடித்தவர்கள். அக்கா நோயின் பெயரைச் சொன்னதும், அப்படி ஒன்று இருக்கிறதா என்றார்கள். இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, "இனிமே போக மாட்டேன்" என்றாள். அரிதான நோயில் இந்தத் தனிமை வேறு மாதிரி.

அப்புறம் நர்ஸ் ஏஎம்எம்எஃப் என்ற அமைப்பைச் சொன்னார். இந்த ஒரு நோய்க்காக மட்டும் பிரிட்டனில் இருக்கிற தொண்டு நிறுவனம். 2002-ல், கணவரை இதில் இழந்த ஒரு பெண் தொடங்கியது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 2006-ல் தொடங்கிய கோலாஞ்சியோகார்சினோமா ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பேன்கேர் ஃபவுண்டேஷன் கணையம், கல்லீரல், பித்தநாளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து உதவுகிறது. இப்படித்தான் அக்காவுக்கு வேல்ஸில் இருக்கிற ஒரு பெண்ணின் பழக்கம் கிடைத்தது. அவர் வீட்டுக்காரருக்கும் கவையில்தான். முதல் போனில் இரண்டு பேரும் அரிப்பைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசினார்கள். எந்த லோஷன், ஃபேன் எந்தப் பக்கம், பருத்திக் கையுறை போட்டுத் தூங்குவது. போனை வைத்துவிட்டு அக்கா சொன்னாள், "ஏட்டி, அவ இங்கிலீஷ் பாதி புரியல. ஆனா எல்லாம் புரிஞ்சுது."

ஆங்கிலம் சரளமில்லாத பெற்றோருக்கு மேக்மில்லன் உதவி எண்ணில் (0808 808 00 00) தமிழ் என்று ஆங்கிலத்தில் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள், இலவசம். பதினாறு வயதுப் பேரனை உட்காரவைத்துத் தாத்தாவுக்குப் புற்றுநோய் என்று மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். சின்ன விஷயம் ஒன்று: இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளுக்கு 2009-லிருந்தே மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது. படிவம் ஒன்று நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் அக்கா மூன்று மாதம் காசு கட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் அத்தானே கோயிலில் நான்கு பேரிடம் சொன்னார். நோயின் பெயரோடு. "குடிச்சதால இல்ல, ஏன்னு அவங்களுக்கே தெரியல" என்றும் சேர்த்துச் சொன்னாராம். அடுத்த வாரத்திலிருந்து கீமோ நாட்களில் யாராவது ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கொழுப்பு இறங்கவில்லை என்பதால் தேங்காய் அரைத்தது, நெய் மிதப்பது வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. ரசம், இட்லி, பாசிப்பருப்புக் கஞ்சி. "பழக்கம் ஏதும் உண்டா" என்று கேட்டவரே வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டினார்.

அம்மாவிடம் சொல்லத்தான் ஏப்ரல் ஆனது. நானும் அக்காவும் சேர்ந்து போனில் சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கல்லுக்கு யாராவது முடி கொட்டுற மருந்து குடுப்பாங்களாட்டி? மாப்பிள்ளை தொப்பி போட்டுட்டு உக்காந்திருந்த அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். மூன்று மாதம் அவளும் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உண்மையில் இந்த மருந்துகளில் அத்தானுக்கு முடி கொஞ்சம் மெலிந்ததே தவிரக் கொட்டவில்லை. அந்தத் தொப்பி குளிருக்குப் போட்டது.

எட்டுச் சுற்றும் ஜூலையில் முடிந்தன. கட்டி கொஞ்சம் சுருங்கி, அப்படியே நிற்கிறது. இப்போது டுர்வலுமாப் மட்டும், நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. அத்தான் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறார். ஸ்டென்ட்டை உலோகத்தில் மாற்றியிருக்கிறார்கள். வேல்ஸ்காரர் வீட்டுக்காரர் செப்டம்பரில் இறந்துபோனார். அக்கா ரயிலில் போய் வந்தாள். இப்போதும் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமைகளில் பேசுகிறார்கள்.

அடுத்த ஸ்கேன் இந்த மாதம் 23-ஆம் தேதி. முந்தைய நாள் ராத்திரி நான் அங்கே போய்விடுவேன். அம்மா வீடியோ காலில் இருப்பாள், அத்தானை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுவாள்.